குணமண்ணை ஏறிய குதிரை

போன மாதம் ரொறன்ரோவில், மார்க்கம் றோட்டில் ஒரு தெருவிழா. வெயில் என்றால் அப்படியொரு வெயில். ஒரு கையில் கொத்துரொட்டிப் பெட்டி, மறுகையில் கரும்புச்சாறு, இரண்டையும் வைக்க இடமில்லாமல் நான் தடுமாறிக்கொண்டு நின்ற நேரம், சனம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பொலிஸ் குதிரைகளுக்கு வழி விட்டது. பிள்ளைகள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். தாய்மார் போனைத் தூக்கிப் பிடித்தபடி, "அப்பிடியே நில்லு, சிரி, கழுத்தில கை வை" என்று கட்டளை போட்டார்கள். குதிரைமேல் இருந்த இளம் பொலிஸ்காரரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போஸ் கொடுத்தார். நான் மட்டும் என்னையறியாமல் பின்னுக்குப் போய், பின்னால் நின்ற ஒரு அன்ரியின் காலை மிதித்துவிட்டேன். "பாத்து, அண்ணை" என்றார் அன்ரி. என்னைவிட வயதில் மூத்தவர்.

எனக்குக் குதிரை என்றால் பயம். சீருடை என்றாலும் பயம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் கேட்கவே வேண்டாம். இத்தனை வருடம் இந்த நாட்டில் வரி கட்டியும், இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியும், ரூஜ் பக்கத்தில் புல்லு வெட்டுகிற அளவுக்கு ஒரு வளவோடு வீடு வாங்கியும் அந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

குதிரைகள் கிட்ட வந்தபோது அந்த மணம் வந்தது. வியர்வை, தோல் வார், வெயிலில் காய்ந்த புல். அதோடு கம்பளித் துணி நனைந்த மணமும் சேர்ந்து வந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்த வெயிலில் யார் கம்பளி உடுத்தியிருக்கப் போகிறார்கள்? ஆனால் எனக்கு மணந்தது. நீல நிறக் கம்பளி. ஏனென்றால், நான் இதை உங்களிடம் முதலே சொல்லியிருக்க வேண்டும், நான் கொஞ்சக்காலம் அமெரிக்கக் குதிரைப்படையில் இருந்தவன்.

கொஞ்சக்காலம் என்றால் ஒரு கிழமைக்குச் சற்று மேலே. அமெரிக்கா என்றால் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பண்ணை. ஆனால் சீருடை உண்மையான சீருடை.

தொண்ணூறுகளில் நாங்கள் சில பேர் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஒன்றாக இருந்தோம். ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, ஒரு சோற்றுப் பானை. அந்தக் கட்டடத்தின் லிப்ற் மூன்று நாளைக்கு ஒருமுறை இளைப்பாறும். அதற்குள் கால் வைத்தால் எந்த மாடியில் யார் என்ன சமைக்கிறார்கள் என்று மூக்குச் சொல்லிவிடும். பலகணியைப் புறாக்கள் எங்களுக்கு முன்பே வாடகைக்கு எடுத்திருந்தன. எங்களுக்குள் மூத்தவர் குணமண்ணை. முழுப்பெயர் குணரத்தினம். நெடுந்தீவுக்காரர். வெலஸ்லி வீதியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். மெலிந்த, உயர்ந்த ஆள். கதை குறைவு, ஆனால் திடீரென்று ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

அவருடைய மனைவி ரஞ்சியக்கா அப்போது கொழும்பில். வடக்கிலிருந்து எப்படியோ வந்து, ஒரு லொட்ஜில் அறை எடுத்து, கனடா வர நேர்முகத்துக்குக் காத்திருந்தார். அந்த நாளில் கொழும்பு லொட்ஜ் என்றால் தமிழரைத் தேடிப் பொலிஸ் வருகிற முதல் இடம். எந்த நேரமும் தேடுதல் வரும். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தார்கள் என்றால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. குணமண்ணை ஞாயிறு தோறும் அந்த லொட்ஜுக்குத் தொலைபேசி எடுப்பார். "இருக்கிறியோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "இருக்கிறன்" என்று மறுமுனையில் குரல் வந்தபிறகுதான் கதிரையில் உட்காருவார்.

இப்படியிருக்கும்போது எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. திரைப்படம் ஒன்றில் பின்னணியில் நிற்க, கறுப்பு ஆண்கள் தேவை, சாப்பாடு தரப்படும். குணமண்ணை அதை உதட்டுக்குள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, கறுப்பு எண்டுதானே போட்டிருக்கு. நாங்கள் என்ன வெள்ளையே?"

நானும் குணமண்ணையும் போனபோது ஆளெடுத்த பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் தலைமயிரைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டாள். பிறகு இரண்டு தொப்பிகளைக் கொண்டுவந்து எங்கள் தலையில் காதுவரை இறக்கி, தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஆள் தட்டுப்பாடு போலிருக்கிறது. கடைசி வரிசையில் நிற்கலாம் என்றாள். குதிரை ஏறத் தெரியுமா என்றும் கேட்டாள். நான் தலையை இல்லை என்று ஆட்டுவதற்கு முன்னமே குணமண்ணை, "யெஸ்" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணை, எப்ப குதிரை ஏறினீங்கள்?"

"நெடுந்தீவில எங்க பாத்தாலும் குதிரைதானே."

"அதுகள் காட்டுக் குதிரையெல்லோ. அதில ஆர் ஏறுறது?"

"ஏறினதெண்டு நான் சொன்னனானே? தெரியுமோ எண்டு கேட்டாள். எனக்குக் குதிரையைத் தெரியும்."

நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பனைகளுக்கிடையில், வெட்டையில், யாருக்கும் சொந்தமில்லாமல் குதிரைகள் மேயும். எந்தக் காலத்திலோ வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை. குணமண்ணை பிறந்ததிலிருந்து குதிரையோடு வளர்ந்தவர்தான், ஒரு நூறு அடி தூரத்தில்.

விடியும் முன்னமே படக்காரரின் பஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு நகரத்தைத் தாண்டிப் போனது. பண்ணையில் இறங்கியபோது புற்களுக்கு இரண்டு பேர் மண்ணிறச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் கதை நடக்கிற டெக்சாஸில் புல் பச்சையாக இராதாம். மேப்பிள் மரங்களின் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. கமெராவை எங்கே திருப்பினாலும் ஒரு மேப்பிள் வந்து நின்று கழுத்தறுக்கிறது என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய கூடாரத்துக்குள் உடுப்புத் தந்தார்கள். நீலக் கம்பளிச் சட்டை, பக்கவாட்டில் மஞ்சள் கோடு போட்ட காற்சட்டை, கழுத்துக்கு மஞ்சள் துணி, முழங்கால் வரைக்கும் சப்பாத்து. முகத்துக்குச் சாயம் பூசுகிற பெண் குணமண்ணையின் நாடியைப் பிடித்து இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, உனக்கு ஒன்றும் தேவையில்லை, போ என்றாள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கடைசியாக நீளக்குழல் துவக்குத் தந்தார்கள். பின்வரிசைக்காரருக்குத் தந்தது றப்பர் துவக்கு. நிலத்தில் ஊன்றிச் சாய்ந்தால் வளைந்துகொடுக்கும். நான் அப்படிச் சாய்ந்து விழப்பார்த்தேன்.

ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சீருடையும் துவக்குமாக ஒருவன் எனக்கு எதிரே நின்றான். என் கை அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது. அவன் நான்தான். அது தெரிந்தும் போனது. குணமண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் தன்னைப் பார்க்காமல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவர் ரேமண்ட் என்ற ஜமெய்க்காக்காரர். அவரும் எங்களைப் போல எக்ஸ்ட்ராதான். மற்ற நாட்களில் பாடசாலை பஸ் ஓட்டுபவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் ஆள் என்பதால் அவரைச் சார்ஜன்ட் ஆக்கி, கையில் மூன்று பட்டி தைத்துவிட்டிருந்தார்கள். நாங்கள் யார் என்று அவரிடம்தான் கேட்டோம். அதுவரை எங்களுக்கு அது தெரியாது, நம்புவீர்களோ தெரியாது.

ரேமண்ட் சொன்னதை என் அரைகுறை ஆங்கிலத்தில் நான் விளங்கிக்கொண்டது இது. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடிபட்டு முடிந்தபின், அடிமைகளாக இருந்த கறுப்பு மக்களுக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை கிடைத்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. அப்போது அரசாங்கம் அவர்களுக்கென்று தனிப் படைகள் அமைத்தது. குதிரை தந்தது, துவக்குத் தந்தது, நீலச் சட்டை தந்தது. வெள்ளை அதிகாரிகளுக்குக் கீழே மேற்கே அனுப்பியது. அங்கே அவர்கள் றெயில் பாதை போடுகிறவர்களுக்குக் காவல் நின்றார்கள், குடியேற வந்தவர்களுக்குக் காவல் நின்றார்கள், அந்த மண்ணின் பூர்வகுடி மக்களோடு சண்டை பிடித்தார்கள். அந்த மக்கள்தான் இவர்களுக்கு எருமைச் சிப்பாய்கள் என்று பெயர் வைத்தார்களாம். சுருட்டை மயிரைக் கண்டோ, வீரத்தைக் கண்டோ, இரண்டு விதமாகவும் சொல்கிறார்களாம்.

"பிறகு?" என்று நான் கேட்டேன்.

பிறகு என்ன, காவல் நின்ற ஊர்களில் அவர்களைக் கடைக்குள்ளே இருந்து குடிக்க விடமாட்டார்கள் என்றார் ரேமண்ட். சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினார். உங்களுக்குப் பெருமையா, கோபமா என்று கேட்டேன். சாப்பாட்டு மேசைகளைக் காட்டி, மேசைக்கு மேசை மாறும் என்றார். பாட்டனார் ஒருவரைப்போல அவர்களை நினைத்தால் பெருமையாம். படத்தில் எங்களுக்கு எதிரே நிற்பவர்களைப் பார்த்தால் வேறு மாதிரியாம்.

எதிரே நிற்பவர்கள் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையான பூர்வகுடி ஆட்கள். வடக்கே எங்கிருந்தோ பஸ்ஸில் வந்தவர்கள். எங்களைவிட நன்றாகக் குதிரை ஓட்டத் தெரிந்தவர்கள். அதில் ஒரு வயதான மனிதர் வரிசையில் எனக்கு முன்னால் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டு, நீ எங்கே இருந்து வந்தனீ என்று கேட்டார். இலங்கை என்றேன். அங்கே சண்டையல்லவா என்றார். ஓம் என்றேன். அங்கே நீ எந்தப் பக்கம் என்றார். நான் யோசித்தேன். அதற்குள் அவர் என்னுடைய நீலச் சட்டையைத் தடவிப் பார்த்து, இன்றைக்கு நீ எங்களைச் சுடுகிற பக்கம் என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் இரண்டு உருளைக்கிழங்கு போட்டுவிட்டார்.

அன்று மத்தியானம்தான் குணமண்ணை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, இதில எங்கட ஆக்கள் ஆர்?"

நான் சொன்னேன், அடிமையாக இருந்தவர்கள்தானே அண்ணை எங்கட ஆட்கள் என்று. "அப்ப உந்தப் பக்கத்து மேசைக்காரரின்ர காணியெல்லோ பறிபோகுது? காணி பறிபோனது எங்களுக்கெல்லோ?" என்றார். சரி, அவர்கள்தான் எங்கட ஆட்கள் என்றேன். "அப்ப நாங்கள் ஏன் ஆமி உடுப்போட நிக்கிறம்?" என்றார். படம் தானே அண்ணை என்றேன். "படம் எண்டாலும் ஒரு பக்கம் இருக்குமே" என்றார். நான் கோழிக்காலைக் கடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவல் சட்டையாகத்தான் அதைப் போட்டிருந்தேன், ஆனால் போட்டிருக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒருநாள் மழை தூறி வேலை நின்றது. குதிரை பார்க்கிற ஆள் ஒருவரிடம் குணமண்ணை கையையும் கண்ணையும் காட்டிக் கதைத்து, ஒரு கிழட்டுச் செம்மண்ணிறக் குதிரைமேல் ஏறிவிட்டார். ஏறிய விதத்தைச் சொல்லக்கூடாது. ரேமண்ட் பின்னாலிருந்து தள்ள, நான் கண்ணை மூடிக்கொண்டு கடிவாளத்தைப் பிடிக்க, ஒரு மாதிரி மேலே போய்ச் சேர்ந்தார். ஆனால் மேலே போனபிறகு அவர் வேறு ஆள். முதுகு நேர். துவக்கு தொடைமேல். நனைந்த கம்பளியில் ஆவி எழும்பியது. குதிரை ஓர் அடி எடுத்து வைத்துப் புல்லைக் கடித்தது, சாயம் அடித்த புல் என்று கண்டு துப்பியது. குணமண்ணை வாய்விட்டுச் சிரித்தார். அவரோடு அத்தனை காலம் ஒரு பானையில் சாப்பிட்டும் அப்படியொரு சிரிப்பை நான் கண்டதில்லை. அந்த நேரம் பார்த்து ரேமண்ட், குணமண்ணையின் சின்னக் கமெராவை வாங்கிக் கிளிக் செய்துவிட்டார். அங்கே போட்டோ எடுக்கத் தடை. ஆகையால் கூடாரத்துக்குப் பின்னால், ஒருவரும் காணாத இடத்தில் எடுத்தார். அதில் கமெராக்காரர் இல்லை, விளக்கு இல்லை, லொறி இல்லை. வானம், பற்றை, குதிரை, சீருடையில் துவக்கோடு ஒரு கறுத்த மனிதன். அவ்வளவுதான்.

ஊருக்குப் போட்டோ அனுப்புவது அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு கடமை. உயிரோடிருக்கிறேன், நன்றாயிருக்கிறேன் என்பதற்குச் சாட்சி. பார்லிமென்ற் வீதியில் யாராவது நல்ல கார் நிறுத்தியிருந்தால் அதில் சாய்ந்து நின்று எடுப்போம். எங்கள் அறையில் ஒரேயொரு தோல் ஜக்கெற் இருந்தது. எல்லோரும் முறை வைத்து அதைப் போட்டுத்தான் எடுத்தோம். கனடாவில் எல்லாருக்கும் ஒரே ஜக்கெற் கொடுக்கிறார்களோ என்று என் அம்மா கேட்டு எழுதியிருந்தார். குணமண்ணைக்குக் காரில் சாய்வது பிடிக்காது. இந்தப் போட்டோ கழுவி வந்தபோது அதை எத்தனை தரம் கையில் எடுத்துப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கொழும்புக்குப் போன ஒரு தெரிந்தவரிடம் ரஞ்சியக்காவுக்குக் கொடுத்துவிட்டார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பார்த்து அவள் திகைக்கட்டும் என்றார்.

நாங்கள் எல்லோரும் அந்தப் போட்டோவைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். ராசா மாதிரி இருக்கிறீர்கள் அண்ணை என்றோம். சீருடையும் துவக்குமாக ஒரு தமிழனின் போட்டோ, கொழும்பில், ஒரு லொட்ஜில், தனியாக இருக்கிற தமிழ்ப் பெண்ணின் பையில். அங்கேயிருந்து உயிர் தப்பி ஓடிவந்த எங்களில் ஒரு விசரனுக்காவது அது உறைக்கவில்லை. இதை நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். றப்பர் துவக்கு என்று எங்களுக்குத் தெரிந்திருந்ததால், போட்டோவுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டோமோ என்னவோ.

ஒரு ஞாயிறு மத்தியானம். பருப்பு அடுப்பில். குணமண்ணை எடுப்பதற்கு முன்னமே தொலைபேசி அடித்தது. லொட்ஜ் முதலாளி. காலையில் தேடுதல் வந்தது, உங்கட மனிசியின் பையில் ஒரு இயக்கக்காரன்ர போட்டோவாம், புலி எண்டு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லி, பொலிஸ் நிலையத்து இலக்கத்தையும் தந்தார். குணமண்ணை தொலைபேசியை வைத்தார். சுவரில் முதுகை வைத்து அப்படியே தரைக்கு இறங்கினார். "நானே பிடிச்சுக் குடுத்திட்டன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பருப்பு அடிப்பிடித்தது.

மறுநாள் விடிய நானும் அவரும் பண்ணைக்கு ஓடினோம், அது படம் என்று சொல்ல யாராவது வேண்டுமே. அங்கே கூடாரம் இல்லை. லொறி இல்லை. டெக்சாஸே இல்லை. அவர்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள். மண்ணிறப் புல் மட்டும் கிடந்தது, அதிலும் மழைக்குப் பச்சை தெரியத் தொடங்கியிருந்தது. குணமண்ணை நடுவெட்டையில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்த ஒரே சாட்சி ரேமண்ட். அவரிடம் போனோம்.

ரேமண்ட் காலை ஓட்டம் முடிந்ததும் பாடசாலை பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே எங்கள் அறைக்கு வந்தார். விசயத்தைக் கேட்டார். தொலைபேசிக் கார்ட்டைச் சுரண்டி இலக்கத்தை அழுத்தினோம். நல்லகாலம், மறுமுனையில் ஆங்கிலம் தெரிந்த ஒரு பெரிய அதிகாரி. ரேமண்ட் எழுந்து நின்று, அந்தச் சார்ஜன்ட் குரலில், ஐயா, போட்டோவில் இருப்பவர் அந்தப் பெண்ணின் கணவர், அது சினிமா, அந்தக் குதிரைமேல் அவரை ஏற்றியதே நான்தான் என்றார். நூறு வருடத்துக்கு மேல் பழைய அமெரிக்கப் படை என்றார். கறுப்புப் படையாட்கள் என்றார். நாங்கள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ரேமண்ட் பேச்சை நிறுத்தினார். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அந்தப் படையாட்கள் யாருக்காகச் சண்டை பிடித்தார்கள் என்று கேட்கிறார்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கார்ட்டில் நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. ரேமண்ட் பொத்திய கையை எடுத்து, ஒரு மூச்சு விட்டு, "அரசாங்கத்துக்காக, ஐயா" என்றார்.

மறுமுனையில் பெரிய சிரிப்பு. எங்களுக்கே கேட்டது. அரசாங்க ஆமியா என்று அந்த ஆள் திருப்பிக் கேட்டாராம். ஆமாம் ஐயா, அரசாங்க ஆமிதான் என்றாராம் ரேமண்ட்.

ரஞ்சியக்காவை விட்டுவிட்டார்கள். லொட்ஜ் முதலாளி அழைத்துச் சொன்னபோது நாங்கள் அறைக்குள் துள்ளிய துள்ளலில் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். ரேமண்டைக் கூப்பிட்டு நண்டுக்கறி வைத்தோம். அவர் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டார். குணமண்ணை மட்டும் கோப்பையோடு இருந்து, "அப்ப நான் ஆமியே, தம்பி?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது.

அடுத்த பனிக்காலத்தில் அக்கா வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு இந்தக் கதையை நான் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்! பிறந்தநாள், சாமத்தியவீடு, அறுபதாம் கல்யாணம், எங்கே போனாலும், "அந்தக் குதிரைக் கதையைச் சொல்லுங்கோ" என்பார்கள். நான் எழுந்து நின்று, ரேமண்டாகவும் அதிகாரியாகவும் குதிரையாகவும் நடித்துக் காட்டுவேன். அரசாங்க ஆமி என்ற இடத்தில் ஆட்கள் கதிரையிலிருந்து விழுவார்கள். குணமண்ணை கூச்சத்தோடு தலையைக் குனிவார். அக்கா ரோல்ஸ் தட்டோடு நின்று புன்னகைப்பார். படம் வெளிவந்தபோது எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். எங்களைக் காணவில்லை. கடைசி வரிசை முழுக்கப் புழுதி.

குணமண்ணை போய் இரண்டு வருடமாகிறது. இதயம். அக்கா மோர்னிங்சைட்டில் மகளோடு இருக்கிறார். தெருவிழாவிலிருந்து திரும்பும்போது மிஞ்சிய கொத்துரொட்டியோடு நான் அங்கே போனேன். மகள் வேலைக்குப் போய்விட்டாள். அக்கா தேத்தண்ணி ஊற்றினார். நான் பொலிஸ் குதிரையைக் கண்டு பின்வாங்கிய கதையைச் சொல்லி, அப்படியே பழைய கதைக்குள் இறங்கினேன். பழக்கம். ரேமண்டின் குரலில், "அரசாங்கத்துக்காக, ஐயா" என்றபோது அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, நான் அவங்களிட்டை என்ன சொன்னனான் எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

கேட்டதில்லைதான். என்ன சொன்னீர்கள் என்றேன்.

"போட்டோவைக் காட்டி, இது ஆர் எண்டு கேட்டவங்கள். தெரியாது எண்டு சொன்னனான்."

எனக்கு விளங்கியது. சோதனைச்சாவடியில் எங்கள் எல்லோருடைய வாயிலும் முதலில் வருகிற சொல் அதுதான். அண்ணனைக் காட்டினாலும் தெரியாது, அயலவனைக் காட்டினாலும் தெரியாது.

"என்ர மனிசன் எண்டு சொன்னால், இயக்கக்காரன்ர பெண்சாதி எண்டு போடுவாங்கள். பையுக்குள்ள எப்பிடி வந்ததெண்டே தெரியாது எண்டு அழுதனான். கொஞ்சம் நம்பினவங்கள் போலத்தான் இருந்தது. பிறகு போன் வந்தது. அந்தப் பெரிய ஐயா கதைச்சுச் சிரிச்சவர். வைச்சுப்போட்டு, பக்கத்தில நிண்டவனிட்டைச் சிங்களத்தில ஏதோ சொன்னவர். அவன் வந்து, உன்ர புருசனாமெல்லோ, தெரியாதெண்டு பொய் சொன்னாயோ எண்டு..."

இடது கையைத் தூக்கி இடது காதைத் தொட்டார்.

"இந்தக் காது அண்டையில இருந்து கேக்காது."

அவர் எப்போதும் தலையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் கதை கேட்பார். என்னுடைய கதையில் அவ்வளவு விருப்பம் என்று நான் நினைத்திருந்தேன். தான் சொல்வது மட்டும் அவருக்குக் கேட்காது என்று குணமண்ணை பகிடி விடுவார், நாங்களும் சிரிப்போம்.

"அப்ப, நாங்கள் போன் எடுத்தபடியால்தான்..." என்றேன்.

"போன் எடுத்தபடியால்தான் விட்டவங்கள். போன் எடுத்தபடியால்தான் அடிச்சவங்கள். ரெண்டும் உண்மை, தம்பி. நானும் கன காலம் யோசிச்சுப் பாத்தனான். பிரிச்செடுக்கத் தெரியேல்லை."

அண்ணைக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லேல்லை. தெரியாதெண்டு சொன்னதையும் சொல்லேல்லை. அவர் அந்தப் போட்டோவில என்ன மாதிரிச் சிரிச்சுக்கொண்டிருந்தவர். அதை என்னத்துக்குக் கெடுக்கிறது? போட்டோவையும் அவங்களே வைச்சிட்டாங்கள்."

அக்கா கோப்பைகளைக் கழுவ எழுந்தார். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா, யார் யாருக்கு? தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால், அக்கா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. நான் அவருடைய இடது பக்கத்தில் இருந்திருக்கிறேன். எழும்பிப் போய் வலது பக்கத்தில் நின்று, வாறன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பண்ணையில் இப்போது வீடுகள். ரேமண்ட் ஜமெய்க்காவுக்குத் திரும்பிப் போனதாகக் கேள்வி. சென் ஜேம்ஸ் ரவுண் அறையில் யார் இருக்கிறார்களோ. இவையெல்லாம் எப்படியும் போகிற சாமான்கள், போகட்டும். போன சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் இளசுகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அங்கிள், that horse story, please" என்று கேட்டார்கள். நல்ல கதை அது. எத்தனை வீடுகளைச் சிரிக்க வைத்த கதை. நான் எழுந்து நின்றேன். ரேமண்டைப் போல நெஞ்சை நிமிர்த்தினேன். பிறகு, மறந்துபோச்சு பிள்ளையள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.